இடது மரை

அந்த நட்டு அசையவே இல்லை. கிராங்கின் வலது முனையில், எண்ணெய் பம்பைச் சுற்றிவிடுகிற வார்ம் நட்டு. ஸ்பேனரில் ஒன்றரை அடி இரும்புக் குழாயைச் செருகி, சுவரில் காலை ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு இழுப்பு இழுத்திருந்தால் கிராங்கின் மரையே போயிருக்கும். மனதில் ஏதோ உறுத்த, குழாயைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் ரயில்வே டைரியைப் புரட்டினேன். 1983-ஆம் வருடப் பக்கம் ஒன்றில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘பம்பு நட்டு இடது மரை. மறக்கக் கூடாது.’ ஸ்பேனரை எதிர்ப்பக்கம் திருப்பினேன். மூன்றாவது அழுத்தத்தில் ‘டக்’கென்று விட்டது.

அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். நான் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தி 2022-இல் ஓய்வு பெற்றேன். நட்டு இருந்தது 1969-ஆம் வருட புல்லட் 350-இல். 1974-இல் அப்பா அதைப் பழையதாகத்தான் வாங்கினார். 2009-இல் அவர் போனபிறகு, வீட்டுப் பின்புறம் தார்ப்பாய்க்குள் நின்றுகொண்டிருந்தது. ஓய்வு பெற்ற கையோடு அதன் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் முழுதாகப் பிரித்துக் கோக்கத் தொடங்கினேன். பதினொரு மாதம் பிடித்தது. இந்தக் கட்டுரை அந்த வண்டியின் பெருமை பேசுவதற்கு அல்ல. ‘இடது மரை’ என்கிற அந்த ஒரு வரி யாருக்குச் சொந்தம் என்று கேட்பதற்கு.

அப்பாவின் காலத்தில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி பிரிக்கப்படும். டார்ச் பிடிப்பது என் வேலை. ஸ்பேனர் பிடிப்பது தம்பியின் வேலை. நான் மூத்தவள், கணக்கில் அவனைவிடக் கெட்டிக்காரி, ஆனாலும் டார்ச்தான். அப்பா கெட்டவர் இல்லை. தொழில் என்பது மகனுக்குப் போவது என்றே அவர் காலம் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. தம்பி வெளிநாட்டில் கணினி வேலையில் இருக்கிறான். அவனுக்கு இடது மரையும் தெரியாது, வலது மரையும் தெரியாது. கையிலிருந்து கைக்கு மட்டுமே போகிற அறிவு இப்படித்தான், கொடுத்த இடத்திலும் தங்காமல், கேட்ட இடத்துக்கும் வராமல் போய்விடுகிறது. எனக்கு அது கிடைத்தது ஒரு டைரியாலும், சென்னையில் ஒரு பழைய மெக்கானிக் நகலெடுத்துக் கொடுத்த பணிமனைக் கையேட்டாலும். அச்சடித்த காகிதம், படிக்கிறவர் மகனா மகளா என்று கேட்பதில்லை.

அந்தக் கையேடு எழுதப்பட்ட விதத்தைச் சொல்ல வேண்டும். எந்த நட்டை முதலில் கழற்றுவது, எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும், பிளக்கில் பொறி விழவைக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 14 முதல் 16 தௌ, ஆல்டர்னேட்டர் ரோட்டாரைச் சுற்றிலும் 8 தௌ இடைவெளி என்று எல்லாமே அதில் இருக்கிறது. தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வண்டிக்காரனே தன் வண்டியைத் திறப்பான் என்று நம்பி எழுதிய புத்தகம் அது. வண்டியும் அந்த நம்பிக்கையிலேயே செய்யப்பட்டது. கியர் பாக்ஸ் தனிப் பெட்டி. இன்ஜினின் முதுகில் ஸ்டட் வைத்து முடுக்கியிருக்கும். இன்ஜினைத் தொடாமலே கிளட்ச்சைப் பார்க்கலாம். சிலிண்டரைக் கழற்ற கிராங்க் கேஸைப் பிளக்க வேண்டியதில்லை.

1956-இல் திருவொற்றியூரில், இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைக் கோத்துத்தான் இந்த வண்டியைச் செய்யத் தொடங்கினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே வார்த்து, இங்கேயே கடைந்து எடுக்கும் நிலை வந்தது. ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. அங்கே நின்றுபோன வண்டி இங்கே தொடர்ந்தது. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்த இன்ஜினின் அடிப்படை வடிவம் 2000-களின் இறுதிவரை மாறவில்லை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. என் 1969 வண்டிக்கு இன்றும் சென்னைப் புதுப்பேட்டையில் பிஸ்டன் கிடைக்கிறதென்றால் காரணம் இதுதான். ஒரே வடிவம் பல பத்தாண்டு நின்றால், அதைச் சுற்றி ஊரெல்லாம் கடைகள் முளைக்கும், கைகள் பழகும். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் உள்ள உதிரிபாகக் கடைகள் எந்தத் திட்டத்திலும் கட்டப்பட்டவை அல்ல.

பிரிப்பது சுலபம். அம்மாவின் பழைய அஞ்சறைப் பெட்டியில் ராக்கர், வால்வு காட்டர், டேப்பட் என்று அறைக்கு ஒன்றாகப் போட்டு வைத்தேன். மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட்டும் வைத்துத் துடைத்தேன். மெட்ரிக் ஸ்பேனர் இந்த வண்டியின் நட்டுகளுக்குச் சேராது. ஏறத்தாழப் பொருந்துகிற மாதிரி காட்டி, முனையை மழுக்கிவிடும். அங்குல அளவு ஸ்பேனர் வேண்டும், அது அப்பாவின் மரப்பெட்டியில் இருந்தது.

பிரித்து வைத்ததும் இன்ஜின் தன் கதையைச் சொன்னது. சிலிண்டரின் மேல்பக்கம் விரல் நகம் தட்டுகிற அளவுக்குப் படி விழுந்திருந்தது. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் பிக் எண்டில் சத்தம் வந்தது. இந்த மாடலில் பிக் எண்டுக்குள் உருளை பேரிங் கிடையாது. கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் நடுவே எண்ணெயில் மிதந்து சுழலும் ஒரு புஷ்தான். எண்ணெய் ஒழுங்காகப் போனால் அது பல்லாண்டு உழைக்கும். போகாவிட்டால் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். அந்த எண்ணெய் டைமிங் கவரிலிருந்து கிராங்கின் துளைக்குள் நுழையும் இடத்தில், நான் திணறிய நட்டை ஒட்டியே, ஒரு சின்னத் தக்கை வளையம் இருக்கிறது. விலை ஒரு டீக்குக்கூடக் காணாது. காய்ந்து சுருங்கினால் எண்ணெய் பக்கவாட்டில் கசிந்துவிடும், பிக் எண்டுக்குச் சேராது. எண்ணெயில் ஊறவைத்து மாட்ட வேண்டும் என்பதும் டைரியில் இருந்தது.

சிலிண்டரைப் போரிங் போட ஒரு கடையில் கொடுத்தேன். 20 தௌ ஓவர்சைஸ் பிஸ்டனையும் கூடவே கொடுத்து, இடைவெளி நான்கு தௌ வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன். திரும்பி வந்ததை இரவல் வாங்கிய போர் கேஜ் வைத்து அளந்தேன். மேலே நான்கு, கீழே இரண்டுகூட இல்லை. கேட்டதற்கு, “ஓட ஓட சரியாயிடும்மா, நீங்க ஏன் இதெல்லாம் அளக்குறீங்க” என்றார்கள். ஓட ஓடச் சரியாகாது. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 70 மில்லிமீட்டர் பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால் 0.16 மில்லிமீட்டர் பெருக்கும். சிலிண்டர் அதே வேகத்தில் பெருக்காது. அந்த வித்தியாசத்துக்குத்தான் நான்கு தௌ. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்வும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஓட்டுகிறவர் தூக்கி வீசப்படுவார். நீங்கள் ஏன் அளக்கிறீர்கள் என்ற கேள்விக்கு என் பதில், என் உயிர் அந்த எண்ணில் இருக்கிறது என்பதே. கையேட்டில் அந்த எண் இல்லாமல் போயிருந்தால் என்னால் வாய் திறந்திருக்க முடியாது.

அதன்பிறகுதான் அரியமங்கலம் பக்கத்தில் லேத் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். அறுபத்தேழு வயது. சிலிண்டரை ஹோனிங் செய்து கீழ்ப்பக்கத்தைச் சரிசெய்து கொடுத்தார். பெரிய வேலை கிராங்க். இரண்டு ஃபிளைவீலுக்கு நடுவே கிராங்க் பின்னை பிரஸ்ஸில் வைத்து அழுத்திச் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் இரண்டு முனைகளும் ஒரே நேர்கோட்டில் சுழல வேண்டும். லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே கிராங்கை ஏற்றி, டயல் கேஜை வைத்துச் சுற்றினார். முள் ஒன்பது தௌ ஆடியது.

“கண்ண மூடிக்கிட்டு அடிக்கக் கூடாது டீச்சர். முள்ளு எங்க ஏறுது எங்க எறங்குதுன்னு நீங்க சொல்லுங்க, நான் தட்டுறேன்” என்றார். செம்புச் சுத்தியல். நான் சொன்ன இடத்தில் ஒரு தட்டு. மறுபடி சுற்றல். ஏழு. இன்னொரு தட்டு. ஐந்து. ஒருமுறை ஆறுக்கு ஏறிப்போனது. அவர் முகம் மாறவில்லை, ஃபிளைவீலைத் திருப்பி எதிர்ப்புறம் தட்டினார். இரண்டரை மணி நேரம். இரண்டு தௌவுக்கும் கீழே முள் நின்றபோது, “எழுதிக்கோங்க” என்றார். எழுதிக்கொண்டேன். முப்பத்தி நான்கு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். அளவெடுப்பது என்றால் என்ன என்பதை அன்றைக்குப் போல ஒருபோதும் நான் மாணவிகளுக்குக் காட்டியதில்லை.

கியர் பாக்ஸ் வேறு மாதிரி வேலை. அங்கே பலம் வேண்டாம், பொறுமை வேண்டும். ஆல்பியன் வகை நான்கு கியர் பெட்டி. வலது காலால் மாற்ற வேண்டும், ஒன்று மேலே, மூன்று கீழே. பிரேக் இடது காலுக்கு. கியர் லீவருக்குப் பக்கத்தில் குதிகாலால் மிதிக்க இன்னொரு சின்ன லீவர் உண்டு. இரண்டு, மூன்று, நான்கு எதில் இருந்தாலும் ஒரே மிதியில் நியூட்ரலுக்கு வந்துவிடும். சிக்னலில் அப்பா அதை மிதிக்கிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் வண்டியில் இரண்டாவது கியர் வழுக்கி வெளியே வந்துவிடும். திறந்து பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. கியர்கள் எப்போதும் ஒன்றோடொன்று பல் சேர்ந்தே சுழல்கின்றன. கியர் மாற்றும்போது பக்கவாட்டில் இருக்கிற தடித்த கொக்கிப் பற்கள்தான் ஒன்றைப் பிடித்து இன்னொன்றை விடுகின்றன. அந்தக் கொக்கிகளின் விளிம்பு வெல்லக்கட்டி மாதிரி உருண்டு போயிருந்தது. இழுவை ஏறும்போது பிடி நழுவத்தானே செய்யும். ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையை அந்தப் பெட்டி முன்னால் உட்காரவைத்தால், கால் மணி நேரத்தில் அவளே காரணத்தைச் சொல்லிவிடுவாள்.

இரண்டு கியரும் கிக்கர் ராட்செட்டும் செலக்டர் ஃபோர்க்கும் புதுப்பேட்டையிலிருந்து வந்தன. முதலில் வந்த ஃபோர்க் போலி. ஷாஃப்ட்டில் ஏற்றினால் ஒரு பக்கம் சாய்ந்தது. திருப்பி அனுப்பி இன்னொன்று வாங்கினேன். கியர் மாற்றும் தட்டை ஒரு நூலளவு முன்னே தள்ளுவதும் பின்னே தள்ளுவதுமாக நான்கு நாள் போயிற்று. மேலே மாறினால் கீழே மாறாது, கீழே மாறினால் மேலே மாறாது. ஐந்தாம் நாள் நான்கும் விழுந்தன. கிரீஸும் 90 ஆயிலும் கலந்து உள்ளே நிரப்பினேன். அப்படியும் கொஞ்சம் கசிகிறது. அந்தக் காலத்து வடிவத்தில் அந்த ஷாஃப்ட்டுக்கு இன்றைய மாதிரி சீல் இல்லை.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், அது நியாயமானதும்கூட. பழைய இன்ஜின் புகை தள்ளும். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 விதியால் புதிய வண்டிகளின் புகை பெரிதும் குறைந்தது. அந்தச் சுத்தத்துக்குப் பெரிதும் உதவுவது கார்புரேட்டர் இல்லாத, கணினி ஊசிபோடுகிற எரிபொருள் முறை. அதை விட்டுவிட்டு எல்லாரும் 1969-க்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தியவள் நான். என் வண்டி வாரத்துக்கு ஒரு முறைதான் வெளியே போகிறது. ஆனால் சுத்தமான இன்ஜின் என்றால் பூட்டிய இன்ஜினாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த இயற்பியல் விதியும் சொல்லவில்லை. சென்சார் என்ன பிழைக் குறியீடு காட்டுகிறது என்பதை வண்டிக்குச் சொந்தக்காரர் படிக்க முடியாதபடி வைப்பது பொறியியல் தேவை இல்லை, வியாபார முடிவு.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளியில் உள்ள மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்களே வாக்களித்து, பழுதுபார்க்கும் தகவலை எல்லாப் பட்டறைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு வழி செய்தார்கள். இங்கே 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில், விவசாயக் கருவி, கைபேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கு துறைகளுக்கும் சேர்த்துப் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் நிறுவனங்கள் விரும்பினால் கொடுக்கலாம் என்கிற ஏற்பாட்டை நான் உரிமை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டி விற்கும்போதே முழுப் பணிமனைக் கையேடும், பிழைக் குறியீடுகளின் பட்டியலும், தமிழிலும் சேர்த்து, வாங்குகிறவர் கைக்கு வர வேண்டும். குறைந்தது இருபது வருடம் உதிரிபாகம் விற்கப்பட வேண்டும். இது சட்டமாக வேண்டும். மின்சார வண்டிக்கும் இது பொருந்தும்; தன் வண்டியின் பேட்டரியில் எந்த செல் செத்தது என்று வாங்கியவருக்குத் தெரிய வேண்டும்.

பழைய வண்டிகளுக்கென்று 2021-இல் வந்த மத்திய விதியிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 50 வயது தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் ‘வி.ஏ.’ வரிசையில் எண் தருகிறார்கள், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் அன்றாடம் ஓட்டக் கூடாது. பாதுகாப்பது நல்லதுதான். ஆனால் அந்த விதி இந்த வண்டிகளைக் கண்காட்சிப் பொருளாகவே பார்க்கிறது. நான் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொண்டேன். எண்ணெய் ஓடாத புஷ்ஷும் ஓட்டாத வண்டியும் கெட்டுத்தான் போகும். பதிமூன்று வருடம் தார்ப்பாய்க்குள் நின்ற வண்டியைத் திறந்து பார்த்தவள் சொல்கிறேன்.

கோத்து முடித்த அன்று காலை, டைமிங் வைத்தேன். பிளக் துளை வழியே சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை இறக்கி பிஸ்டன் நிற்கும் இடத்தை அளந்தேன். பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மில்லிமீட்டர் இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். திறக்கிற அந்தக் கணத்தைப் பிடிக்க, வளையல் சுற்றி வந்த மெல்லிய தாளைப் பாயிண்ட்டுக்கு நடுவே வைத்து இழுத்துக்கொண்டே இன்ஜினைத் திருப்பினேன். தாள் விடுபட்ட இடத்தில் முடுக்கினேன். டேப்பட்டில் இடைவெளி வேண்டாம், புஷ் ராடு விரலால் சுற்ற வந்தால் போதும். டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை இறக்கி, விட்டு, உதைத்தேன். ஆறாவது உதையில் பிடித்தது. பிடித்ததும் நான் செய்த முதல் காரியம் ராக்கருக்குப் போகிற குழாயின் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தது. எண்ணெய் வந்தது. அப்போதுதான் பொன்மலைப் பணிமனையின் சங்கு ஊதியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஆன்ட்டி, நீங்களேவா?” என்று கேட்டாள். அவள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் இரண்டாம் வருடம். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். ஸ்பேனர் அவளிடம், டார்ச் என்னிடம்.

அரியமங்கலத்து அண்ணன் கடையை மூடப்போகிறார். பிள்ளைகள் வேறு வேலையில் இருக்கிறார்கள், முட்டி வலி, வாடகை ஏறிவிட்டது. டயல் கேஜை எனக்குக் கொடுத்துவிட்டார். லேத்தையும் பிரஸ்ஸையும் பழைய இரும்புக்காரர் கிலோ கணக்கில் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் ரோபோவும் கணினிக் கடைசலும் கொண்ட தொழில் 4.0 மையங்களாக மாறியிருக்கின்றன. அதை மனதார வரவேற்கிறேன். அப்படி ஒரு கூடத்தின் மூலையில் ஒரு பழைய பிரஸ்ஸும், வாரம் இரண்டு நாள் மதிப்பூதியத்தில் வந்து கிராங்கைத் தட்டிக் காட்ட ஒரு அறுபத்தேழு வயதுக்காரரும் இருந்தால் என்ன குறைந்துவிடும்? சட்டம் நாளைக்கே கையேட்டைத் தந்தாலும், அதில் ‘இரண்டு தௌ’ என்று இருப்பதைச் செய்து காட்ட அவரைப் போன்ற ஒருவர் வேண்டும். இதைக் கடிதமாக எழுதி, பக்கத்தில் உள்ள ஒரு ஐ.டி.ஐ.யின் முதல்வரிடம் நேரில் கொடுத்திருக்கிறேன். இரும்புக்காரரிடம் இந்த மாதக் கடைசி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறார் அண்ணன்.